தேத்தண்ணிக்குச் சொன்ன ‘ஓம்’

அன்று நகரின் ஓரத்தில், ரூஜ் என்கிற இடத்தில், அந்த வீட்டுப் பேஸ்மென்டில் இருந்தவர்கள் ஆறு பேர். பொட்காஸ்ட் நடத்துகிற வீட்டுக்காரர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தேநீரும் றோல்ஸும் கொண்டு படி ஏறி இறங்கிய அவருடைய மனைவி. படம் கீறுகிற ஒரு பெரியவர். உடல்நல வகுப்பு நடத்துகிற, விட்பியிலிருந்து வந்த ஒருவர். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நீரிழிவைப் பற்றி ஆராய்கிற ஓர் இளம் பெண். ஆறாவது ஆள் நான். மைக்குகளை ஸ்டாண்டில் பூட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் இருந்தவன்.

என் அக்கா அங்கே இருக்கவில்லை. அவர் டவுன்ரவுண் பக்கம், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் அந்த ஆறு பேரும் கூடிச் செய்த வேலை வந்து விழுந்தது அவருடைய தலையில்தான். ஆறு பேர் என்று சொல்வதும் அநியாயம். படம் கீறுகிறவரையும் தேநீர் கொண்டுவந்தவரையும் ஆராய்ச்சிப் பெண்ணையும் இதற்குள் இழுக்கக் கூடாது. மூன்று பேர். அதில் ஒருவன் நான். இதை நான் எழுதுவது பயத்தில் அல்ல, கோபத்தில். பயப்படுவது எனக்கு நாளாந்தப் பழக்கம், அதனால் வித்தியாசம் தெரியும்.

வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அடுப்பை நிறுத்தினேனா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு யோசித்து, இறங்கி நடந்து வந்திருக்கிறேன். படித்தது ஒன்பதாம் வகுப்பு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆறு மாதம் ஒன்றும் விளங்காமல் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டு, ரெஸ்ரோரன்ட் ஒன்றுக்குக் கோப்பை கழுவப் போய்விட்டேன். பிறகு கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கிறவர்களோடு வயர் இழுக்கப் போய், சத்தம் பதிகிற வேலையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிறேன். மற்ற நேரத்தில் ஊராருடைய பேச்சை வெட்டி ஒட்டுகிறேன்.

இந்த வேலைக்குப் பயம் நல்லது. ஒரு பேச்சை மூன்று இடத்தில் பதிந்து வைப்பேன். பற்றரி புதிதாக இருந்தாலும் மாற்றுவேன். அண்ணை சிரிப்பார். "தம்பி செத்தாலும் ரெண்டு கொப்பி வைச்சுப்போட்டுத்தான் சாவான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். நானும் சிரிப்பேன். படித்தவர்கள் பகிடி விட்டால் சிரிப்பது, படித்தவர்கள் கதைத்தால் வாயை மூடுவது, இரண்டும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த வருத்தம். இன்னும் மாறவில்லை.

அண்ணை மாதத்தில் ஒரு ஞாயிறு மூன்று பேரைக் கூப்பிடுவார். கலைக்கு ஒருவர், உடல்நலத்துக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர். மூன்று பேருக்கும் பொன்னாடை உண்டு. மூன்று பேருக்கும் ஒரே பொன்னாடை. போர்த்தி, படம் எடுத்து முடிந்ததும் அண்ணையின் மனைவி அதை மெதுவாக வாங்கிக்கொண்டு போய் மேலே மடித்து வைப்பார், அடுத்தவருக்கு. அன்றைக்குப் படம் கீறுகிறவர் அதைப் போர்த்தபடியே போய்க் காரில் ஏறிவிட்டார். அவர் சீற் பெல்ட் போடுகிற நேரம் அண்ணையின் மனைவி வெறுங்காலோடு ஓடினார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உந்தப் பொன்னாடையை ஒருக்காத் தாங்கோ."

"இது எனக்குப் போட்டதெல்லோ, பிள்ளை?"

"உங்களுக்குத்தான் ஐயா. இனி விட்பிக்காரருக்கும் போடவேணும்."

பெரியவர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் அதற்கும் ஆத்திரம்தான் வருகிறது. வந்த மனிதர் ஒன்று கொடுத்துவிட்டுப் போக வேண்டும், ஒன்றும் கொண்டு போகக் கூடாது. அந்த வீட்டின் நியாயம் அது.

விட்பிக்காரர் வந்து இருந்தார். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் ஒரு மணி மாலை, முகம் முழுக்க ஒரு பளபளப்பு. குரல் மட்டும் சொல்லி வேலையில்லை. மைக்குக்கென்றே செய்த குரல். ஒரு இருமல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை.

"நான் டொக்டர்மார் தாற குளிசைக்கு எதிரானவன் இல்லை," என்றார். "ஆனா உடம்புக்குத் தன்ர வேலை தெரியும். மூண்டு மாசம் என்ர முறையில விரதம் இருந்து பாருங்கோ. பிறகு குளிசைப் போத்தலைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்."

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியாக ஆராய்ச்சிப் பெண். அவர் மருந்து எழுதித் தருகிற டொக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து டொக்டர் பட்டம் எடுத்தவர். அண்ணை அதை விளக்கவில்லை. வெறும் டொக்டர் என்றுதான் அறிமுகம் செய்தார். பேச்சுத் தொடங்கும் முன் சத்தம் சரிபார்க்க வேண்டும்; அதற்கு ஆளை ஏதாவது கதைக்க வைக்க வேண்டும். அண்ணை எல்லோரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"பிள்ளை, தேத்தண்ணி போடச் சொல்லட்டோ?"

"ஓம், ஓம். கட்டாயம்."

சந்தோஷமாகச் சொன்னார். டவுன்ரவுணிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் வந்த களைப்பு.

இதையும் நான் பதிந்து வைத்தேன். இது என் பழக்கம். வருகிற ஒவ்வொருவருடைய சின்னச் சின்னச் சத்தங்களையும் தனியாக எடுத்து வைப்பேன். ஒரு சிரிப்பு, ஒரு மூச்சு, ஒரு ‘ம்’, ஒரு ‘ஓம்’. நடுவில் கதவு அடிபட்டாலோ, ஆள் இருமினாலோ, அந்த இடத்தை வெட்டிவிட்டு இதில் ஒன்றை வைத்து ஒட்டுவேன். தையல்காரர் மிச்சத் துணியை எறியாமல் வைத்திருப்பது போல. யாரும் கண்டுபிடித்ததில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை.

அந்தப் பெண் மெதுவாகக் கதைத்தார். தமிழில் தொடங்கி இங்கிலீசில் போய், திரும்பி வந்து, சரியான சொல்லைத் தேடித் தேடிக் கதைத்தார். கடைசியில் அண்ணை கேட்டார்: "விரதம் இருந்தால் ரத்தத்தில சீனி குறையும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது உண்மையோ?"

"உண்மைதான். குறையும்."

"அப்ப போகப் போகக் குளிசையும் தேவையில்லை, அப்பிடித்தானே?"

ஹெட்போனில் அந்தப் பெண்ணின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "இல்லை, பொறுங்கோ. அப்பிடிச் சொல்லேலாது." அதன் பிறகு ஆறு நிமிடம். குளிசை எடுக்கிறவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. தாங்களாக விரதம் தொடங்கவும் கூடாது. ஒருவருக்குச் சீனி ஏறும், ஒருவருக்கு மயக்கம் வருகிற அளவுக்கு இறங்கும். எலியில் கண்டது வேறு, மனிதரில் கண்டது வேறு. எதற்கும் முதலில் உங்களைப் பார்க்கிற டொக்டரிடம் போங்கள். "சிலவேளை", "எண்டாலும்", "எல்லாருக்கும் இல்லை" என்று வசனத்துக்கு வசனம் போட்டு, ஒருவரும் தவறிப்போய் விழுந்துவிடக் கூடாது என்று கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவது போலக் கதைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் அப்படித்தான் கதைப்பேன், என்னை யாராவது கதைக்க விட்டால்.

செவ்வாய்க்கிழமை அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளையின்ர கடைசி ஆறு நிமிசம் ஒரே இழுவை. வெட்டு."

"அண்ணை, அதிலதானே குளிசையை விடவேண்டாம் எண்டு சொல்லுறா."

"சொல்லுறாதான். எப்பிடிச் சொல்லுறா? ஆனா, எண்டாலும், சிலவேளை. சனம் பஸ்ஸில போகேக்க கேக்குது தம்பி. சோதினைக்கோ படிக்குது?"

"ஆக்கள் பிழையா விளங்கிக்கொண்டால்…"

"நீ எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனி?"

நான் மேசையில் கிடந்த பற்றரிகளை அடுக்கினேன்.

"கேக்கிறன் எல்லே?"

"ஒன்பது."

"அப்ப விஞ்ஞானத்தை எங்களிட்ட விடு. நீ சத்தத்தைப் பார்."

எனக்குத் தெரியும் அவர் செய்வது பிழை என்று. அந்த ஆறு நிமிடத்தையும் ஒரு சொல் விடாமல் கேட்ட ஆள் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். அண்ணை அடுத்த கேள்வியைத் தாளில் தேடிக்கொண்டு இருந்தவர். ஆனால் ‘ஒன்பது’ என்று சொன்னவுடன் என் நாக்கு உள்ளே போய்விட்டது. நாற்பத்தேழு வயதிலும் போகிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி அண்ணை" என்றேன்.

புதன்கிழமை பின்னேரம் வேலையால் வந்து, சாப்பிட்டுவிட்டு இருந்து வெட்டினேன். ஆறு நிமிடம் போனதும் ஒரு ஓட்டை விழுந்தது. அண்ணையின் கேள்வி நிற்கிறது: "அப்ப போகப் போகக் குளிசையும் தேவையில்லை, அப்பிடித்தானே?" அடுத்தது நேராக, "நன்றி, வணக்கம்." நடுவில் வெறுமை. காதுக்குக் குத்தியது. என் கை தானாகப் போய் அந்தப் பெண்ணின் ஒட்டுத்துண்டுகளைத் திறந்தது. "ஓம், ஓம். கட்டாயம்." எடுத்து வைத்தேன். இரண்டு பக்கமும் இழைத்துவிட்டேன். அழகாகப் பொருந்தியது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நேரம் எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான், சொல் கேட்கவில்லை என்று சொல்லலாம். பாதி உண்மை. இந்த வேலையைப் பத்து வருடம் செய்தால் மனிதர் கதைப்பது கோடாகத்தான் தெரியும், ஏறி இறங்குகிற கோடு. மற்றப் பாதி, நான் சந்தோஷப்பட்டேன். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன், இதை ஒரு தரம்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, நல்லாய் வந்திருக்கிறது என்று இணையத்தில் ஏற்றினேன்.

அக்கா ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பணிஸ் பொதி செய்கிறார். ஒரு காதில் வயர் மாட்டியிருப்பார். மற்றக் காது சூப்பர்வைசருக்கு. அண்ணையின் நிகழ்ச்சி ஒன்று விடமாட்டார். கதைக்கிறவர்களுக்காக அல்ல, தம்பி செய்கிற நிகழ்ச்சி என்று. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுத்து, குளிசை எடுத்தனீங்களோ என்று கேட்பேன். "ஓமடா, ஓமடா" என்பார். அந்த நிகழ்ச்சி வந்த பிறகும் ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஓம் என்றுதான் சொன்னார்.

நிகழ்ச்சி வந்த நாலாம் கிழமை, ஒரு வியாழன், வேலையால் திரும்பும்போது ஸ்ட்ரீட்கார் நிறுத்தத்தில் விழுந்துவிட்டார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் ஆம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை நான் போனபோது கட்டிலில் சாய்ந்து இருந்தார். நெற்றியில் தையல். கையில் சேலைன் குழாய். கண் சரியாகத் தெரியவில்லை என்று என்னை இரண்டு தரம் உற்றுப் பார்த்தார்.

"சீனி பார்க்கிற மெஷினில இலக்கமே வரேல்லையாம். எழுத்துத்தான் வந்ததாம். அவ்வளவுக்குக் கூட எண்டு நேர்ஸ் சொன்னவ," என்றார், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

"குளிசை எடுக்கேல்லையோ?"

"இல்லை."

"எத்தினை நாள்?"

"இருபத்திரண்டு."

"நான் கேக்கேக்க ஓம் ஓம் எண்டு சொன்னனீங்கள்!"

"நீ பயப்பிடுவாய் எண்டு சொன்னனான். உனக்குப் பல்லி சொன்னாலும் வயித்தைக் கலக்கும்."

"ஆர் அக்கா விடச் சொன்னது? அந்த விட்பிக்காரனோ?"

"சீ, அவரை ஆர் நம்பினது? அவற்ற முகத்தில மினுக்கம் கூட. அந்த டொக்டர் பிள்ளை சொன்னாப் பிறகுதான் விட்டனான். யூனிவர்சிற்றியில இருக்கிற பிள்ளை. அண்ணை கேக்கிறார், குளிசை தேவையில்லையோ எண்டு. ஓம், ஓம், கட்டாயம் எண்டு சொல்லுறா. நீயும் பிழையான ஒண்டைப் போடமாட்டாய். கதவையே மூண்டு தரம் பூட்டுறவன் எல்லே நீ?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி ரீவி பார்த்துக்கொண்டு இருந்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாமல் விட்டு, பிறகு எப்படியோ சமாளித்திருக்கலாம். நான் சமாளித்துச் சமாளித்துத்தான் அக்கா இந்தக் கட்டிலில் கிடந்தார்.

"அக்கா, அந்த ஓம் குளிசைக்குச் சொன்னதில்லை."

"பின்னை?"

"தேத்தண்ணிக்கு."

"என்ன தேத்தண்ணி?"

"முதலில சத்தம் பார்க்கேக்க அண்ணை தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டவர். அதுக்குச் சொன்ன ஓம். அதை எடுத்து நான்தான் அங்க வைச்சனான். அந்தப் பிள்ளை சொன்னது, குளிசையை விடவே கூடாது எண்டு. அது ஆறு நிமிசம். அதை வெட்டினதும் நான்தான்."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் தெரியவில்லை என்றவர், அந்த நேரம் என்னை நல்லாகவே பார்த்தார்.

"அடேய். தேத்தண்ணிக்குச் சொன்ன ஓமுக்கோ நான் இருபத்திரண்டு நாள் குளிசையை விட்டனான்?"

பக்கத்துக் கிழவி ரீவியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"உனக்கு விசரோ? உனக்குப் பயம், உனக்குப் பயம் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன். பயப்பிட வேண்டிய இடத்தில பயப்பிட்டியோ நீ?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"அது இப்பவும் போய்க்கொண்டோ இருக்கு?"

"ஓம்."

"எங்கட பேக்கரி லைனில மட்டும் நாலு பேருக்கு நான் அனுப்பினனான். அதில ரெண்டு பேருக்குச் சீனி. போ. போய் அதை எடு. எடுத்துப்போட்டு வந்து என்னோட கதை."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று முதலில் ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். அவருடைய இலக்கம் என்னிடம் இருந்தது. வருகிறவர்களுக்கு வழி சொல்வதும் என் வேலை. யார் என்று சொன்னேன்.

"அங்கிள், நீங்களா எடிட் பண்ணினது?"

"ஓம், பிள்ளை."

"நான் அவருக்கு ரெண்டு ஈமெயில் போட்டனான். ஹி சென்ட் மீ எ தம்ஸ் அப். ஒரு தம்ஸ் அப், அங்கிள்!" என்றார். "அந்த ‘ஓம்’ எங்கயிருந்து வந்தது? திருப்பித் திருப்பிக் கேட்டன். அது என்ர வொய்ஸ்தான். நான் உண்மையா அப்பிடிச் சொன்னனோ எண்டு எனக்கே டவுட் வந்திட்டுது. ஐ தோட் ஐ வோஸ் லூசிங் இட்."

தேத்தண்ணிக் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அன்றைக்கு அந்த ஆறு நிமிடப் பேச்சைத் தொடங்கும் முன் விட்ட அதே மூச்சு. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"ஒரிஜினல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"மூண்டு இடத்தில இருக்கு."

"எனக்கு அனுப்புங்கோ. இண்டைக்கே."

அனுப்பினேன். அடுத்த நாள் சனிக்கிழமை, ரூஜுக்குப் போனேன். அண்ணை கராஜில் குளிர்கால ரயர்களை உருட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அதை எடுக்கவேணும்."

"எதை?"

"டொக்டர் பிள்ளையின்ர நிகழ்ச்சியை. என்ர அக்கா ஆஸ்பத்திரியில கிடக்கிறா."

"கேள்விப்பட்டன் தம்பி. சரியான கவலை. எண்டாலும் யோசிச்சுப் பார், இவ்வளவு நாளில எங்களுக்கு ஆகக் கூடச் சனம் கேட்டது உதுதான். அதையோ எடுக்கச் சொல்லுறாய்? உன்ர அக்கா வயசு வந்த மனிசி. நிகழ்ச்சிக்குக் கீழ எழுத்தில போட்டிருக்கு, வைத்தியரைக் கேளுங்கோ எண்டு."

"சனம் பஸ்ஸில கேக்குது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? காதால எழுத்தை என்னெண்டு வாசிக்கிறது?"

அவர் ரயரைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, நானும் ஒண்டு கேக்கிறன். ஆறு நிமிசம் வெட்டச் சொன்னனான். ஓம் வைக்கச் சொன்னனானோ? அதை ஆர் வைச்சது? நானோ?"

சரியான இடத்தில்தான் அடித்தார். படித்தவர்களுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று தெரியும். நான் திரும்பிப் போயிருப்பேன். வழக்கமாக அப்படித்தான் போவேன். அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து கதவைத் திறந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார்.

"அந்தத் தம்பியோட ஏன் கத்துறியள்? விட்பிக்காரரிட்ட நாலு மாச விளம்பரக் காசை முன்னுக்கே வாங்கிப்போட்டியள். இனி என்னெண்டு எடுப்பியள்? அதைச் சொல்லுங்கோவன்."

"நீ உள்ள போ."

"போறன். குளிருது."

கதவு சாத்தியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இழுவையாவது மண்ணாங்கட்டியாவது. அந்தப் பெண் சொன்ன ஆறு நிமிடமும் விட்பிக்காரரின் வியாபாரத்துக்குக் குறுக்கே நின்றது, அவ்வளவுதான். எனக்கு விஞ்ஞானம் தெரியாது என்று என் வாயை மூடிய மனிதர், தானும் விஞ்ஞானத்தைப் பார்க்கவில்லை. பற்றுச்சீட்டைப் பார்த்தார்.

நான் கத்தினேன். ஒரு படித்த மனிதரைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தரம். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. "ஒன்பதாம் வகுப்புப் படிச்ச எனக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லையோ, இல்லாட்டி விளங்கித்தான் செய்தனீங்களோ?" என்று கேட்டது ஞாபகம். ஓம் வைத்தது நான்தான், அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன், உங்களுடையதை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சீனாக்காரர் இலை வாருவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணை, "மெல்லக் கதை, மெல்லக் கதை" என்று கையைக் காட்டினார். இத்தனை வருடமும் அவர் என்னிடம் சத்தத்தைக் கூட்டத்தான் சொல்லியிருக்கிறார்.

நிகழ்ச்சிகளை இணையத்தில் ஏற்றுவது நான். பாஸ்வேர்ட் என்னிடம் இருந்தது. வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் இருந்து, பழையதை அழித்தேன். ஆராய்ச்சிப் பெண்ணின் ஆறு நிமிடத்தையும் அதன் இடத்தில் திருப்பி வைத்தேன். அவருடைய "சிலவேளை", "எண்டாலும்", தேடித் தேடி எடுத்த சொற்கள், கேள்விக்குப் பிறகு விட்ட அந்த மூச்சு, ஒன்றும் தொடவில்லை. முன்னுக்கு என் குரலில் ஒரு நிமிடம் பதிந்து வைத்தேன். "வணக்கம். இந்த நிகழ்ச்சியை வெட்டி ஒட்டுகிறவன் நான். முன்னம் நீங்கள் கேட்டதில் டொக்டர் ஓம் என்று சொன்னது தேத்தண்ணிக்கு. குளிசைக்கு இல்லை. குளிசையை விட்டவர்கள் இன்றைக்கே உங்கள் டொக்டரிடம் போங்கள்." என் குரல் நடுங்கியது. மற்றவர்களுடைய நடுக்கத்தை எல்லாம் எடுத்துவிடுகிறவன், என்னுடையதை விட்டுவிட்டேன். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த நாலு பேருக்கும் அக்காவின் போனிலிருந்தே அனுப்பினேன். அதில் ஒருவர் ஒன்பது நாளாகக் குளிசையைத் தொடவில்லை.

இரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை அண்ணை பாஸ்வேர்டை மாற்றி என்னுடையதையும் எடுத்துவிட்டார். பழையதைத் திருப்பிப் போட அவரிடம் கொப்பி இல்லை, மூன்றும் என்னிடம். ஆராய்ச்சிப் பெண் தன்னுடைய ஆறு நிமிடத்தைத் தன் பக்கத்தில் தானே போட்டார். விட்பிக்காரர் காசைத் திருப்பிக் கேட்டாராம். அண்ணையிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "உன்ர சம்பளப் பாக்கி அதோட போச்சு. இனிக் கேளாதே." ஏழு நிகழ்ச்சிக்குக் காசு வரவேண்டி இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் அந்த வாசலில் போய்த் திரும்பவும் ‘அண்ணை’ என்று சொல்ல வேண்டி வரும்.

அந்தக் காசை வைத்துத்தான் அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அக்கா வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் கலண்டரை எடுத்து மேசையில் வைத்தார். கண் தெளிந்துவிட்டது. ஆனால் டொக்டர் இப்போது புதிதாக ஊசியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முன்னம் குளிசை மட்டும்தான்.

"பன்னிரண்டு ஷிஃப்ட் போச்சு," என்றார். "ஒரு ஷிஃப்ட் நூற்றி நாற்பது."

"அண்ணை காசு தரமாட்டார் போல, அக்கா."

"அண்ணையிட்ட ஆர் கேட்டது? ஓம் வைச்சது அண்ணையோ?"

"இல்லை."

"அப்ப?"

நான் தலையாட்டினேன். வாயால் சொல் என்றார். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "தாறன் அக்கா" என்றேன்.

ஆயிரத்து அறுநூற்று எண்பது டொலர். இரண்டு கிழமைக்கு ஒரு தரம், வெயார்ஹவுஸில் சம்பளம் வருகிற வெள்ளிக்கிழமை, நூற்றைம்பது கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அக்கா எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறார். வாங்கிய பிறகு என் முன்னாலேயே குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார், நான் பார்க்க வேண்டும் என்று. இதுவரை ஏழு தரம் கொடுத்திருக்கிறேன். இன்னும் கொடுக்க வேண்டியது அறுநூற்று முப்பது டொலர்.